செஜாரா கட்டுரையும் மனப்பாட முன்னுரையும்

கொஞ்சம் நீளமான பதிவு. படிவம் 4, 5-ல பிள்ளைங்க இருக்கிற பெற்றோராவது கடைசி வரைக்கும் படிங்க.

போன ஞாயிறு நம்ம கோயில் மண்டபத்துல டியூஷன் வகுப்பு. வழக்கமா வர்ற டீச்சருக்கு உடம்பு சரியில்ல. செஜாரா பிள்ளைங்களை நான் பார்த்துக்கிறேன்னு உட்கார்ந்துட்டேன். நான் ஆசிரியர் இல்ல. எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன், ஃபேக்டரியில சூப்பர்வைசர். ஆனா அந்தக் காலத்துல இருந்தே எனக்குச் சரித்திரம்னா உயிர். கணக்குதான் வராது.

ஒரே கேள்வியை எல்லாருக்கும் கொடுத்தேன். 1946-ல மலாயன் யூனியனை மலாய்க்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள்? முழுக் கட்டுரை வேணாம், முன்னுரை மட்டும் எழுதுங்கன்னு சொன்னேன். 11 பேர் இருந்தாங்க. 8 பேர் தாளில் ஒரே மாதிரி நாலு வரி. வரலாறு நமக்கு முக்கியம், அது நாட்டுப்பற்றை வளர்க்கும், கடந்த காலத்தை மறக்கக் கூடாது, இனி விரிவாகப் பார்ப்போம். அவ்வளவுதான். மலாயன் யூனியன் என்ற பேரே அதுல இல்ல! அதே நாலு வரியை மலாக்கா சுல்தானகத்துக்கும் போடலாம், ஈயச் சுரங்கத்துக்கும் போடலாம்.

ஏன் தம்பி இப்படின்னு கேட்டா, "டியூஷன் சென்டர்ல கொடுத்தாங்க அங்கிள், இதை மனப்பாடம் பண்ணிட்டா எல்லா கேள்விக்கும் ஓகேன்னு சொன்னாங்க"ங்கிறான். எந்த சென்டர்னு நான் கேக்கல. ஆனா மாசாமாசம் காசு கட்டுற பெற்றோர் கொஞ்சம் பிள்ளை நோட்டை எடுத்துப் பாருங்க.

என் வேலையில இருந்து ஒண்ணு சொல்றேன். நைட் ஷிப்ட் முடிஞ்சு அடுத்த சூப்பர்வைசர்கிட்ட லைனை ஒப்படைக்கும்போது ரிப்போர்ட் எழுதணும். "உற்பத்தி ஒரு நிறுவனத்துக்கு மிக முக்கியம்"னு யாராவது ஆரம்பிப்பானா? மூணாம் மெஷின் ரெண்டு மணிக்கு நின்னுச்சு, பெல்ட் அறுந்துச்சு, மாத்தியாச்சு, ஆனா இன்னும் சூடாகுது, கவனமா பாரு. முதல் ரெண்டு வரியிலேயே வர்றவனுக்கு விஷயம் தெரிஞ்சிடணும். கட்டுரை முன்னுரையும் அதுதான்னு நான் நினைக்கிறேன். எதைப் பத்திப் பேசுறோம், எப்போ, எங்கே நடந்தது, என் பதில் என்ன. திருத்துற ஆசிரியர் கையில கட்டுக்கட்டா தாள் இருக்கும், அவங்களும் ஷிப்ட் மாறி வர்ற ஆள் மாதிரிதான்.

அதனால பேனாவை மூடி வைக்கச் சொல்லிட்டேன். முதல்ல வாயால சொல்லுங்க, தமிழ்லயே சொல்லுங்கன்னேன். இது முக்கியம். நம்ம பிள்ளைங்க பல பேர் வீட்டுல தமிழ் பேசி, மலாயில எழுதணும். யோசனையும் மலாய் வாக்கியமும் ஒரே நேரத்துல வரணும்னா மண்டை காய்ஞ்சிடும். காரணத்தைத் தமிழ்ல பிடிச்சிட்டா அப்புறம் மலாய் வார்த்தை தேடுறது சின்ன வேலை.

மெதுவா வந்துச்சு. ஒருத்தன் சொன்னான், சுல்தான்கள் அதிகாரம் போச்சு, மதமும் மலாய் வழக்கமும் மட்டும்தான் அவங்க கையில மிஞ்சுச்சு. இன்னொருத்தன், மேக்மைக்கல் வந்து அவசர அவசரமா கையெழுத்து வாங்கின விதம். சிங்கப்பூரைத் தனியா பிரிச்சது. கடைசியா குடியுரிமை, மத்த இனத்தவருக்கும் சுலபமா கிடைக்கிற மாதிரி வச்சது. எல்லாத்தையும் வெள்ளைப் பலகையில எழுதினேன். இதுல எது பெரிய காரணம், எது சின்னதுன்னு கேட்டேன். அங்கேதான் சண்டை ஆரம்பிச்சது. நல்ல சண்டை. அரை மணி நேரம் போச்சு, நான் நிறுத்தவே இல்ல. எது பெருசுன்னு முடிவு பண்ணாத பிள்ளையால முன்னுரை எழுத முடியாது, ஏன்னா சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது.

குடியுரிமைன்னு வந்ததும் படிவம் 5 பொண்ணு ஒண்ணு, அதுவரைக்கும் வாயே திறக்கல, "அங்கிள், எங்க பாட்டிகிட்ட இன்னும் சிவப்பு ஐசிதான்"னு சொல்லுச்சு. தோட்டத்துலயே பிறந்தவங்க. பிறப்புப் பத்திரம் இல்ல. வகுப்பு அமைதியாயிடுச்சு. அந்த 1946 திட்டம் நின்னிருந்தா பாட்டிக்கு நீல ஐசி கிடைச்சிருக்குமான்னு கேட்டுச்சு. அது பாட்டி எப்போ எங்கே பிறந்தாங்க, அதை எப்படி நிரூபிக்கிறாங்கங்கிறதைப் பொறுத்ததும்மா, ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுன்னேன். ஆனா 1948 பிப்ரவரி 1-ல மலாயா கூட்டரசு வந்தப்போ குடியுரிமை விதி இறுகிடுச்சு, அது மட்டும் நிச்சயம்னு சொன்னேன். மலாய்க்காரங்க ஏன் பயந்தாங்கன்னும் அதே மூச்சுல பேசினோம். சொந்த மண்ணுல சிறுபான்மை ஆயிடுவோமோங்கிற பயம். நம்ம பாட்டி கதையும் அவங்க பயமும் ரெண்டும் உண்மைதான், ரெண்டையும் புரிஞ்சவங்கதான் அந்தக் கேள்விக்கு நேர்மையா பதில் எழுத முடியும்.

அப்புறம் அந்தப் பொண்ணு எழுதின முன்னுரையை நான் தமிழ்ல சுருக்கித் தர்றேன்: 1946 ஏப்ரல் 1-ல பிரிட்டிஷார் ஒன்பது மலாய் மாநிலங்களையும் பினாங்கு, மலாக்காவையும் சேர்த்து மலாயன் யூனியனை அமைத்தனர். மலாய்க்காரர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர், அடுத்த மாதமே அம்னோ உருவானது. சுல்தான்களின் அதிகாரம் பறிபோனதும் கையெழுத்து வாங்கிய விதமும் கோபத்தைக் கிளப்பின, ஆனால் குடியுரிமை மாற்றமே மிகப் பெரிய காரணம் என்று இக்கட்டுரை காட்டும்.

பக்கத்துல இருந்த பையன் ஒத்துக்கல, சுல்தான்கள் அதிகாரம்தான் முதல்னு எழுதினான். அவனுக்கும் நல்லாருக்குன்னு சொன்னேன். காரணம் காட்டுறான்ல.

நேரா குறிப்பு மட்டும் கேக்கிற கேள்விக்கு இவ்வளவு வேணாம், அது பள்ளி டீச்சர் சொல்ற மாதிரி செய்யட்டும்.

ஏன் இதுக்கு இவ்வளவு நீட்டுறேன்னா, 2013-ல இருந்து செஜாரா தேறலன்னா எஸ்.பி.எம். சான்றிதழே இல்ல. மத்த பாடத்துல ஏ வாங்கினாலும் சரி. எங்க லைன்ல ஒரு பையன் இருந்தான், மெஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லிடுவான். டெக்னீஷியன் வேலைக்கு அவன் பேரை நான்தான் கொடுத்தேன். சான்றிதழ் கேட்டாங்க. இல்ல, செஜாராவில போச்சு. மறுபடி எழுதலாம்தான், ஆனா 12 மணி நேரம் நின்னு வேலை பார்த்துட்டு வந்து புத்தகத்தை எத்தனை பேர் தொடுவாங்க? அவன் இன்னும் ஆப்பரேட்டர்தான்.

கோயில்ல எதுக்குப் பள்ளிப் பாடம், தேவாரம் மட்டும் சொல்லிக் கொடுக்கலாமேன்னு ஒரு பெரியவர் கேட்டார். தேவாரம் காலையில நடக்குதுங்க ஐயா, இது மதியம். மண்டபம் சும்மாதான் கிடக்குது, ஃபேன் கரண்டு காசை நாங்க நாலு பேர் பகிர்ந்துக்கிறோம்.

அடுத்த ஞாயிறு மதியம் 2 மணிக்கு மறுபடி உட்கார்றோம். வீட்டுல பழைய சோதனைத் தாள் இருந்தா பிள்ளைங்க கையில கொடுத்து அனுப்புங்க. படிவம் 5-க்கு பாடம் நடத்துற, இல்ல நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர் யாராவது மாசத்துக்கு ஒரு நாள் வந்தா ரொம்ப உதவியா இருக்கும், நான் பக்கத்துல உட்கார்ந்து தே ஓ கலக்கிக் கொடுக்கிறேன். அந்தப் பாட்டி ஐசி விஷயமா தேசியப் பதிவுத் துறை நடைமுறை தெரிஞ்சவங்க இன்பாக்ஸ்ல வாங்க, குடும்பத்தோட பேசி விவரம் சொல்றேன்.