காற்று தின்ற நெல்லுக்குக் கணக்குக் கேட்போம்!

தோழர்களே! சங்கரன்கோவில் வட்டார விவசாயிகளே!

பிசான நெல் கதிர் வாங்கும் முன்னே நாம் ஒன்றுகூடியாக வேண்டும். தென்காசி மாவட்டக் குவாரிகளின் ஜல்லியும் எம்-சாண்டும் புளியரை வழியாகக் கேரளம் போவது ஊரறிந்த செய்தி. அந்த லாரிகள் ஓடும் சாலையோர வயலில் இறங்கி, ஒரு கண்ணாடி இலையை விரலால் வழித்துப் பாருங்கள். விரலில் ஒட்டும் வெள்ளைத் தூசிதான் நம் முதல் சாட்சி. மணியில் மாவு சேர்வதில் பெரும்பங்கு அந்த இலைக்குத்தான். தூசி படிந்தால் வெயில் மறைகிறது, இலைத்துளை அடைபடுகிறது. பூக்கும் நாளில் படிந்தால் மகரந்தச் சேர்க்கையும் கெடுகிறது. கதிர் தலைசாயாமல் நிற்கும், உதிர்த்தால் பதர்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி இன்னொன்று உண்டு: தரைமட்ட ஓசோன். வாகனப் புகையும் அனல்மின் நிலையப் புகையும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகி, காற்றோடு காதக்கணக்கில் பயணித்து வயலுக்கு வருகிறது. இலைக்குள் புகுந்து பச்சையத்தைச் சிதைக்கிறது. இலை முன்கூட்டியே பழுக்கிறது, மணி சிறுக்கிறது, அரிசியின் தரம் கெடுகிறது.

புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தாரும் அண்ணாமலைப் பல்கலையில் படித்த விஞ்ஞானி வீ.ராமநாதனும் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டில் மட்டும் ஓசோனால் இந்தியா இழந்தது சுமார் 35 லட்சம் டன் கோதுமை, 21 லட்சம் டன் அரிசி. 9.4 கோடி ஏழைகளின் உணவு அது!

கொள்முதல் நிலையத்தில் சுருங்கிய, முதிராத மணி 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. காற்றைக் கெடுத்தவரை யாரும் கேட்பதில்லை. மூட்டையோடு போன நாம்தான் பதில் சொல்லி நிற்கிறோம். இந்த அநியாயம் இனியும் செல்லாது.

தார்ப்பாய் மூடாத லாரி ஓடக் கூடாது. கிரஷர்களில் தண்ணீர் தெளிப்பதும் தடுப்புச் சுவர் எழுப்புவதும் கட்டாயமாக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வயலோரத்தில் தூசியையும் ஓசோனையும் அளந்து, முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி, தூசி தின்னும் ஊர்களுக்கு வந்து சேர வேண்டும். நாமும் தாளையும் மக்காச்சோளத் தட்டையையும் கொளுத்துவதை இன்றோடு நிறுத்துவோம். அந்தப் புகையும் நம் நெல்லுக்கு எதிரிதான்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குத் தனித்தனியாக வராதீர்கள். தூசி படிந்த இலை, சர்வே எண், தேதியிட்ட படம், கையெழுத்திட்ட மனு ஆகியவற்றோடு ஊர் ஊராகத் திரண்டு வாருங்கள். விளைவித்தவர் நாம், கேட்கும் உரிமையும் நமதே!