நின்று போன கோப்பை!

கால்பந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு 2025ஆம் ஆண்டு கொஞ்சம் சங்கடமான ஆண்டாகப் போய்விட்டது. இந்தியன் சூப்பர் லீக் என்னும் ஐ.எஸ்.எல். போட்டியை நிறுத்தி வைப்பதாக அந்த ஆண்டு ஜூலையில் அறிவிப்பு வந்தது. போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதாக இருந்தது. அது புதுப்பிக்கப்படாததே காரணம். ஆகஸ்டில் நம் சென்னையின் எஃப்.சி. அணியும் வேலைகளை நிறுத்தி வைத்தது. 2026 ஜனவரியில்தான், பிப்ரவரி முதல் போட்டியைச் சுருக்கமாக நடத்தலாம் என்று முடிவானது.

"இவ்வளவு பெரிய போட்டி கூடவா நின்று போகும்?" என்று நீங்கள் கேட்கலாம். நின்று போகும். ஒரேயடியாக நின்று போன கோப்பைகளும் உண்டு. அப்படி இரண்டு கோப்பைகளின் கதையைப் பார்ப்போமா?

ஐரோப்பாவின் கதை

ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்தமாக ஒரு கோப்பைப் போட்டி உண்டு. அவற்றில் வென்ற அணிகள் எல்லாம் ஒன்றுகூடி மோதுவதற்காக 1960ல் ஒரு போட்டி தொடங்கியது. அதன் பெயர் கோப்பை வெற்றியாளர் கோப்பை. முதலில் வென்றது இத்தாலியின் ஃபியோரென்டினா. அதிக முறை வென்றது ஸ்பெயினின் பார்சிலோனா, மொத்தம் 4 முறை.

இந்தக் கோப்பைக்கு ஒரு விசித்திரமான சாதனை உண்டு. நடந்தது 39 பருவங்கள். ஆனால் ஒரு அணி கூட அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இதை வென்றதில்லை! முந்தைய ஆண்டு வென்ற அணி மறுபடியும் இறுதிப் போட்டி வரை வந்து தோற்றது எட்டு முறை.

பிறகு ஏன் நின்றது? சாம்பியன்ஸ் லீக் என்ற போட்டி பெரிதாக வளர்ந்தது. முதலில் நாட்டுக்கு ஒரு சாம்பியன் அணிதான் அதில் ஆடியது. பிறகு பெரிய நாடுகளிலிருந்து இரண்டு, மூன்று, நான்கு அணிகள் வரை சேர்த்துக் கொண்டார்கள். நல்ல அணிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட, இந்தக் கோப்பையின் மவுசு குறைந்தது. 1999 மே மாதம் இத்தாலியின் லாசியோ அணி ஸ்பெயினின் மயோர்க்கா அணியை 2-1 என்று வென்றது. அதுதான் கடைசி ஆட்டம்.

நம் நாட்டின் கதை

நம் நாட்டில் 1977ல் ஃபெடரேஷன் கோப்பை தொடங்கியது. நாடு முழுவதிலும் உள்ள கிளப் அணிகளுக்காக அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் நடத்திய போட்டி இது. தேசிய லீக் போட்டி வந்ததே 1996ல்தான். அதுவரை "இந்தியாவின் சிறந்த கிளப் எது?" என்ற கேள்விக்கு இந்தக் கோப்பைதான் பதில் சொன்னது.

முதல் ஆண்டு இறுதிப் போட்டி கேரளத்தில் நடந்தது. ஒரு பக்கம் கொல்கத்தாவின் புகழ்பெற்ற மோகன் பகான். இன்னொரு பக்கம் பெங்களூரில் தொலைபேசி தயாரிக்கும் ஐ.டி.ஐ. தொழிற்சாலையின் அணி. வென்றது யார் தெரியுமா? தொழிற்சாலை அணிதான்! 1-0.

1978ல் நம் கோயம்புத்தூருக்குக் கோப்பை வந்தது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் இறுதிப் போட்டியில் மோதின. யாருமே கோல் போடவில்லை. இரண்டு அணிகளுக்கும் கோப்பையைப் பகிர்ந்து கொடுத்தார்கள். 1984ல் திருச்சியில் நடந்தபோது முகமதன் ஸ்போர்ட்டிங் வென்றது.

1990லும் 1991லும் கேரள போலீஸ் அணி வென்றது. அந்த அணியில் ஐ.எம். விஜயன் ஆடினார். திருச்சூர் மைதானத்தில் சிறு வயதில் சோடா விற்ற பையன் அவர். பின்னாளில் இந்திய அணிக்கே தலைவரானார். 2025ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

1997 ஜூலை 13 அன்று கொல்கத்தாவில் அரையிறுதி. ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று மோகன் பகானை வீழ்த்தியது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். பார்க்க வந்த கூட்டம் 1 லட்சத்து 31 ஆயிரம் பேர்! 2011 கணக்கெடுப்பின்படி கள்ளக்குறிச்சி நகரத்தின் மக்கள்தொகை சுமார் 52 ஆயிரம். நம் ஊரைப் போல இரண்டரை மடங்கு ஜனம் ஒரே மைதானத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்! ஆனால் கோப்பை ஈஸ்ட் பெங்காலுக்குக் கிடைக்கவில்லை. இறுதிப் போட்டியில் கோவாவின் சல்கோகர் அணி அதைத் தோற்கடித்தது.

சாதனைத் துளிகள்

* அதிக முறை வென்ற அணி: மோகன் பகான், 14 முறை.
* இரண்டாம் இடம்: ஈஸ்ட் பெங்கால், 8 முறை.
* மூன்றாம் இடம்: சல்கோகர், 4 முறை.
* கடைசிக் கோப்பை: 2017 மே, கட்டாக் நகரம். பெங்களூரு எஃப்.சி. 2-0 என்று மோகன் பகானை வென்றது. இரண்டு கோலும் போட்டவர் சி.கே. வினீத்.

ஏன் நிறுத்தினார்கள்?

2014ல் ஐ.எஸ்.எல். தொடங்கியது. பெரிய பணம், தொலைக்காட்சி, வெளிநாட்டு வீரர்கள் என்று களை கட்டியது. 2017ல் ஆசியக் கால்பந்து கூட்டமைப்பும் அதை அங்கீகரித்தது. அதுவரை ஃபெடரேஷன் கோப்பையை வென்ற அணிக்கு ஏ.எஃப்.சி. கோப்பை என்ற ஆசியப் போட்டியில் ஆட இடம் கிடைத்து வந்தது. அந்த இடம் ஐ.எஸ்.எல். சாம்பியனுக்குப் போய்விட்டது. 2017-18ல் அப்படி இடம் பெற்றது நம் சென்னையின் எஃப்.சி. நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் பழைய கோப்பைக்கு மேலே ஏறும் படி இல்லாமல் போயிற்று.

ஐரோப்பாவின் கதையும் இதேதானே! மேலே போக வழி காட்டாத போட்டிக்கு மதிப்புக் குறைந்து விடுகிறது.

2018ல் சூப்பர் கோப்பை என்ற புதிய போட்டி வந்தது. அதுவும் 2019க்குப் பிறகு மூன்று ஆண்டுகள் நடக்காமல் 2023ல்தான் திரும்பி வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2018-19ல் ஐ-லீக் போட்டியில் சென்னை சிட்டி எஃப்.சி. சாம்பியன் ஆனது. கடைசி ஆட்டத்தைக் கோயம்புத்தூரில் வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தியது. ஆனாலும் ஐ.எஸ்.எல்.லுக்கு அது ஏற முடியவில்லை. ஜெயித்தால் மேலே போகலாம் என்ற விதியே அப்போது இல்லை! 2022-23 சாம்பியனுக்குத்தான் முதன்முதலில் அந்த வழி திறந்தது. அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடுவதையே நிறுத்தியிருந்தது.

பிழைத்த கோப்பை

1888ல் சிம்லாவில் தொடங்கிய டுராண்ட் கோப்பை இன்றும் நடக்கிறது. அதுவும் 2016க்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் நின்றது. 2019ல் எழுந்து கொண்டது. அதை நடத்துவது நம் ராணுவம். "இது எங்கள் கோப்பை" என்று பொறுப்பெடுத்துக் கொள்ள ஆள் இருப்பதால்தான் அது பிழைத்தது.

ஆக, ஒரு போட்டி உயிரோடு இருக்க மூன்று விஷயங்கள் வேண்டும். ஆண்டுதோறும் தவறாமல் நடக்க வேண்டும். செலவுக்கும் வேலைக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஜெயித்தவர் ஏறிப் போக அடுத்த படி இருக்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

பள்ளியில் குறுவட்டப் போட்டி நடக்கிறதே, அதில் ஜெயித்தால் மாவட்டம், மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம். இதுவும் ஏணிதான். நகரத்தில் வசதியுள்ள பிள்ளை பணம் கட்டித் தனியார் பயிற்சிக்குப் போய்விடலாம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் படிக்கிற பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. பள்ளி அணியோடு பேருந்தில் மலை இறங்கி வந்து ஆடினால்தான் அவள் திறமை வெளியே தெரியும். ஒரு ஆண்டு போட்டி நடக்காவிட்டால் நகரத்துப் பிள்ளைக்கு ஒரு பதக்கம் போகும். மலைப் பிள்ளைக்கோ வாய்ப்பே போய்விடும். ஒன்பதாம் வகுப்பு மறுபடி வராது அல்லவா?

பெரிய போட்டிகளை நடத்துவது பெரியவர்கள் வேலை. அதைச் சரியாகச் செய்யுங்கள் என்று கேட்பது நம் உரிமை. நீங்கள் செய்யக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. ஃபெடரேஷன் கோப்பை நின்று போனாலும், யார் எப்போது வென்றார்கள் என்று எழுதி வைத்திருப்பதால்தான் இன்று நாம் பேச முடிகிறது. உங்கள் பள்ளி அணி போன ஆண்டு யாரோடு ஆடியது, எத்தனை கோல் போட்டது, கோல் போட்டது யார் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

இல்லை என்றால் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, ஊர், எதிர் அணி, கோல் கணக்கு, ஆடியவர் பெயர். அவ்வளவு போதும். ஜெயித்த ஆட்டத்தை மட்டுமல்ல, தோற்ற ஆட்டத்தையும் எழுதுங்கள். பள்ளியை விட்டுப் போகும்போது அந்த நோட்டை அடுத்த வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். "போன ஆண்டு நடந்ததே, இந்த ஆண்டு ஏன் சார் நடக்கவில்லை?" என்று கேட்க அவர்களுக்கு அது கையில் இருக்கும் ஆதாரம்!