இதயச் செயலிழப்புள்ள முதியோர் வீட்டிலேயே தம்மைக் கவனித்துக்கொள்ள உதவி கோரும் மனு

அனுப்புநர்: செயற்குழு, மூத்த குடிமக்கள் நலச் சங்கம்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் உறுப்பினர்களில் பலர் இதயம் பலவீனமாகி, உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் முதியோர். மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்ந்து, நீர் வடிந்து, தேறி வீடு திரும்புகிறார்கள். சில வாரங்களில் அதே வார்டுக்கு மறுபடி போகிறார்கள். இதைப் பெருமளவு தவிர்க்க முடியும்.

மூச்சு வாங்கத் தொடங்குவதற்குச் சில நாள் முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் பல வீடுகளில் எடை இயந்திரமே இல்லை. இருந்தாலும் குனிந்து முள்ளைப் பார்க்கக் கண் ஒத்துழைப்பதில்லை. ஆகவே டிஸ்சார்ஜ் செய்யும்போதே, பெரிய எண் தெரியும் எடை இயந்திரமும் தமிழில் அச்சிட்ட குறிப்பேடும் இலவசமாகத் தர வேண்டும். குறிப்பேட்டின் அட்டையில் ஒரு செவிலியரின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். கூப்பிட்டால் எடுத்துப் பேச ஒருவர் இருந்தால்தான் மற்றதெல்லாம் பயன்படும். எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுவே.

பஸ்ஸில் வெளியூர் போகும் நாளில், வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று அஞ்சி, நீர் மாத்திரையையே விட்டுவிடும் பெண்கள் பலர். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வேளையை மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கும் என்பதும் தெரிவதில்லை. இவற்றை அவசரமின்றி உட்கார்ந்து விளக்க, ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். சமைப்பவரையும் உடன் அழைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் உப்புக் கணக்கில் சேரும் என்பதை அவர் அறிந்தால்தான் தட்டில் உப்பு குறையும்.

2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருவதை நன்றியோடு குறிப்பிடுகிறோம். வீட்டுக்கு வரும் தன்னார்வலர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கவும், கால் வீக்கத்தை அழுத்திப் பார்க்கவும், இரவில் கூடுதல் தலையணை தேவைப்படுகிறதா என்று கேட்கவும் பயிற்சி தர வேண்டும். தனியே வாழும் முதியோரிடம் முதலில் செல்ல வேண்டும்.

உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்