கருவிக்குத் தெரியாத கம்பி

"டிஜிட்டல் வந்துவிட்டது, இனிப் பொத்தானைத் தட்டினால் போதும்" என்று பேசுவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். மருத்துவமனை, நூற்பாலை, அணைக்கட்டு எனப் பல இடங்களிலும் ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைக் காப்பது இன்று ஒரு டிஜிட்டல் கட்டுப்பாட்டுப் பெட்டிதான். அதன் திறமையை நான் மறுக்கவில்லை. அதற்குக் கம்பி இணைப்பதை, "எலெக்ட்ரீஷியன் வேலை, பட்டதாரிக்கு எதற்கு?" என ஒதுக்கும் மனப்பான்மையைத்தான் மறுக்கிறேன்.

பெட்டி செய்வது என்ன? ஜெனரேட்டர் தரும் மின்னழுத்தத்தை அளக்கிறது. நாம் குறித்த அளவோடு ஒப்பிடுகிறது. குறைந்தால் காந்தப் புலச்சுருளுக்குச் செல்லும் நேர்மின்னோட்டத்தைக் கூட்டுகிறது, மிகுந்தால் குறைக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட தூண்டல்தான் இங்கும் வேலை செய்கிறது. ஆனால் வெளியே நடப்பதைப் பெட்டி அறிவது நாம் முடுக்கிய திருகாணிகளின் வழியாகத்தான். அளக்கும் கம்பி கழன்றுவிட்டால், மின்னழுத்தமே போய்விட்டதென்று நம்பிப் புல மின்னோட்டத்தை உச்சத்துக்கு ஏற்றும். அப்போது இணைந்திருக்கும் கருவிகளின் கதி என்ன? இதைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு இன்றைய பெட்டிகளில் உண்டு. யாரேனும் அதை இயக்கி வைத்திருந்தால்!

இதனினும் நுட்பமானது மின்னோட்ட மாற்றியின் இணைப்பு. இரண்டு ஜெனரேட்டர்கள் ஒரே சுமையைப் பகிரும்போது, திறன் தராத மின்னோட்டம் (வகுப்பில் 'வாட்லெஸ்' என்போமே, அதுதான்) எதில் மிகுகிறதோ அதன் மின்னழுத்தம் சற்றுத் தாழவேண்டும். பெட்டியில் அதற்கென ஓர் அமைப்பு உண்டு. மாற்றியின் இரு முனைகளும் இடம் மாறினால் தாழவேண்டியது உயரும். ஒரு ஜெனரேட்டர் மேலும் மேலும் ஏற்றிக்கொள்ள, அம்மின்னோட்டம் மற்றதனுள் பாய்ந்து, இரண்டையும் வீணே சூடாக்கும். தனியே ஓடும்போது இக்குறை எளிதில் கண்ணில் படாது. அவ்வமைப்பை இயக்கிவிட்டு, மோட்டார்ச் சுமையை ஏற்றி, மின்னழுத்தம் தாழ்கிறதா உயர்கிறதா என்று மீட்டரைப் பார்க்கத் தெரிந்தவருக்கோ ஒரு நிமிட வேலை. இன்னொன்று: முதற்சுற்றில் மின்னோட்டம் இருக்கையில் இம்மாற்றியின் இரண்டாம் சுற்றைத் திறந்துவிட்டால், உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் எழக்கூடும். எந்தக் கணிப்பொறியும் அங்கே கையைப் பிடித்துத் தடுக்காது.

பெரிய இடத்துக் கதையும் உண்டு. 1996 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றிலுள்ள மெக்நாரி அணையில், புலமூட்டும் எக்ஸைட்டரைக் காக்க வைத்த ரிலேக்கள் தவறாக இயங்கியதால் 13 ஜெனரேட்டர்கள் அடுத்தடுத்து நின்றன. ஏற்கெனவே சில மின்தொடர்கள் செயலிழந்திருந்த வேளை அது. மேற்கு மாநிலங்களில் ஏறத்தாழ 75 லட்சம் நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். கம்பியை மாற்றி இணைத்ததால் வந்ததன்று அது; ஆயினும் புலமூட்டலைச் சார்ந்த ஒரு சிறு துணைச்சுற்று எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

துறைப் பேராசிரியர்கள் என் துணிச்சலைப் பொறுத்தருள்க. லென்ஸ் விதியை இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். மாற்றியின் முனையைக் கண்டறியச் சொன்னால் விழிக்கிறோம். விலையுயர்ந்த பெட்டி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு மின்னோட்ட மாற்றி, ஒரு டார்ச் பாட்டரி, நம் ஆய்வகத்துக் கால்வனோமீட்டர் போதும். முதற்சுற்றில் பாட்டரியை ஒரு கணம் தொட, முள் துள்ளும் பக்கமே முனையைக் காட்டிவிடும். மூன்றாமாண்டுச் செய்முறைப் பட்டியலில் இச்சோதனைக்கு ஓர் இடம் கேட்கிறேன்.

— இயற்பியல் மாணவன், மூன்றாம் ஆண்டு