கொடூரம் சாட்சியம் ஆகாது

2003 ஜூனில் நாசிக் அருகே ஒரு கொய்யாத் தோட்டத்துக் குடிசையில் ஒரே இரவில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு கூலித் தொழிலாளர்கள் கைதானார்கள். விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் மூவருக்கு அதை ஆயுளாகக் குறைத்தது. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பையும் ரத்துசெய்து ஆறு பேரும் தூக்குக்கு உரியவர்களே என்றது. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து, 2019 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்து, ஒவ்வொருவருக்கும் 5 லட்ச ரூபாய் கொடுக்கும்படி மகாராஷ்டிர அரசுக்கு உத்தரவிட்டது. உயிர் பிழைத்த சாட்சி, போலீஸ் காட்டிய புகைப்படத் தொகுப்பில் வேறு நான்கு பேரை ஆரம்பத்திலேயே அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வர் மீது வழக்கே போடப்படவில்லை.

இதை ஒரு விபத்து என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மரண தண்டனைக்கு வழக்குகளைத் தேர்ந்தெடுக்க நாம் வைத்திருக்கும் சல்லடையே இப்படிப்பட்ட பிழைகளை வடிகட்டாமல் சேர்த்துக் கொடுக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு மரண தண்டனையை ‘அரிதினும் அரிதான’ வழக்குகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. குற்றத்தோடு குற்றவாளியின் பின்னணியையும் எடைபோடச் சொன்னது. நல்ல நோக்கம்தான். ஆனால் குற்றம் எவ்வளவு கொடியது, அவர் திருந்துவாரா என்று கேட்கும் இந்தச் சோதனை, அவர்தான் செய்தார் என்பது எவ்வளவு உறுதி என்று தனியாகக் கேட்பதில்லை. அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொள்கிறது. பிக்பாக்கெட் வழக்குக்கும் தூக்கு வழக்குக்கும் நிரூபணத்தின் அளவு ஒன்றே: நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல். எந்தக் குற்றம் ஊரைப் பதறவைக்கிறதோ, அதில்தான் போலீஸ் மீது நெருக்கடி அதிகம். கிடைத்தவரைக் கணக்கில் காட்டும் ஆசையும் அதிகம். 2017-ல் குருகிராம் பள்ளி ஒன்றில் ஏழு வயதுச் சிறுவன் கொல்லப்பட்டபோது பேருந்து நடத்துநர் ஒருவர் அன்றைக்கே கைதாகி, கேமராக்கள் முன்பு ‘ஒப்புக்கொண்டார்’. சிபிஐ வந்த பிறகு அவருக்குத் தொடர்பில்லை என்று ஆயிற்று. அரிதினும் அரிதான வழக்குக்கான லட்சணங்கள் எல்லாம் அதில் இருந்தன; சிபிஐக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்த நடத்துநரே அதில் சிக்கியிருப்பார்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் ஒட்டுமொத்தமாகத் தூக்கு விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் நால்வருக்கு மட்டுமே அதை உறுதிசெய்து, 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. சாதாரணச் சட்டப்படி போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது; பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா அதைச் செல்லவைத்தது. இது பயங்கரவாதக் குற்றமே இல்லை, தடா பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. அந்த நால்வரில் ஒருவரான பேரறிவாளனுக்கு எதிராக நின்றது அப்படியொரு வாக்குமூலம்தான். அதைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி ஓய்வுபெற்ற பின் 2013-ல், குண்டுக்காக வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பேட்டரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். பேரறிவாளனைத் தூக்கிலிட முதலில் குறிக்கப்பட்ட நாள் 2011 செப்டம்பர் 9. எந்த நீதிமன்றமும் அவரை நிரபராதி என்று அறிவிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022-ல் கிடைத்த விடுதலை வேறு அடிப்படையிலானது. ஆனால் குறித்த நாளில் தண்டனை நிறைவேறியிருந்தால், அந்த அதிகாரியின் வார்த்தைகளைக் கேட்க ஆள் இருந்திருக்காது.

2015-ல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 262-வது அறிக்கையில் மரண தண்டனையை ஒழிக்கலாம் என்றது, பயங்கரவாத வழக்குகள் நீங்கலாக. இந்த விதிவிலக்கு தலைகீழாக இருக்கிறது. நெருக்கடி உச்சத்தில் இருப்பதும், சிறப்புச் சட்டங்கள் வாக்குமூலத்துக்குக் கதவு திறப்பதும் அங்கேதான். 2002 அக்‌ஷர்தாம் தாக்குதல் வழக்கில் பொடா நீதிமன்றம் மூவருக்குத் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றமும் ஆமோதித்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனை பெற்ற எல்லோரையும் விடுதலை செய்து, புலனாய்வைக் கடுமையாகக் கண்டித்தது. அன்றுதான் மக்களவைத் தேர்தல் முடிவுகளும் வந்தன. தீர்ப்பைக் கவனித்தவர்கள் குறைவு.

பிழை நடந்தாலும் மேல் நீதிமன்றங்கள் திருத்திவிடுகின்றனவே, அமைப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதுதானே சான்று என்று கேட்பார்கள். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000-க்குப் பிறகான பதினைந்து ஆண்டுகளில் கீழ் நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளில் கடைசிவரை நிலைத்தவை சுமார் 5 சதவீதம். ஏறத்தாழ 30 சதவீதம் பேர் விடுதலையே ஆனார்கள். திருத்தம் நடக்கிறது, சரி. பத்தில் மூவருக்குத் தூக்குக் கயிற்றைக் காட்டிவிட்டு ‘மன்னிக்கவும்’ என்று சொல்லும் அமைப்பின் கடைசி 5 சதவீதத்தை மட்டும் எந்த நம்பிக்கையில் ஏற்பது? நாசிக் வழக்கில் கடைசிப் படியே தவறியது. ‘குற்றத்தைப் பார், குற்றவாளியைப் பார்க்காதே’ என்ற ராவ்ஜி வழக்கின் முன்தீர்ப்பை நம்பித்தான் 2009-ல் ஆறு பேருக்கும் தூக்கு உறுதியானது. ராவ்ஜி தீர்ப்பே பச்சன் சிங்குக்கு முரணானது என்று அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு சொன்னது. அந்தத் தவறான சட்டத்தின்படி தண்டனை பெற்றவர்களில் இருவர் அதற்குள் தூக்கிலிடப்பட்டுவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்றும்படி 2012-ல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். மரண தண்டனை வழக்குகளின் சீராய்வு மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014-ல் வந்த தீர்ப்புதான் நாசிக் வழக்குக்கு மறுபடி கதவு திறந்தது. அந்தக் கைதிகளைக் காப்பாற்றியதில் நீதியின் கூர்மையைவிட அரசின் தாமதத்துக்குப் பங்கு அதிகம். ‘உடனே தூக்கில் போடு’ என்ற முழக்கம் கேட்பது அந்தத் தாமதத்தை ஒழிக்கத்தான்.

டிஎன்ஏ காலத்தில் பிழைக்கு இடமேது என்பார்கள். கருவி பொய் சொல்லாமல் இருக்கலாம். மாதிரியை எடுத்து, முத்திரையிட்டு, கூண்டேறிச் சாட்சி சொல்வது மனிதர்கள். குற்றவாளியை அடையாளம் காட்டும் அறிவியல் என்று தலைமுடி ஒப்பீட்டையும் ஒரு காலத்தில் நம்பினார்கள். தன் நிபுணர்கள் அது குறித்துச் சொன்ன சாட்சியங்களில், ஆராயப்பட்டவற்றில் குறைந்தது 90 சதவீதத்தில் பிழை இருந்ததாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2015-ல் ஒப்புக்கொண்டது.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு என்ன பதில் என்ற கேள்விதான் கனமானது. அதற்கு மனித உரிமை பேசி நழுவ முடியாது. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் தண்டனைக் குறைப்பே இல்லாமல் சிறையில் வைக்கும் அதிகாரத்தை 2015-ல் அரசியல் சாசன அமர்வு உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் உறுதிசெய்திருக்கிறது. சமூகத்தைக் காக்க அது போதும். நிரபராதி சிக்கினால் திறந்துவிட ஒரு பூட்டாவது அதில் இருக்கிறது. தூக்கு அந்தக் குடும்பத்துக்கு வேறென்ன கூடுதலாகத் தந்துவிடும்? நாசிக் குடும்பத்தில் மிஞ்சியவர்களுக்கு ஆறு பேரின் தூக்கே நீதி என்று விசாரணை நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் காட்டப்பட்டது. 2019-ல் அந்த ஆறு பேரும் விடுதலையானபோது, ஐந்து கொலைகளுக்கும் குற்றவாளி என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. சாட்சி விரல் வைத்துக் காட்டிய நால்வரைத் தேடுவதற்கு ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் கடந்துபோயிருந்தன.