முப்பது செகண்ட் சங்கீதம்

2011 நவம்பரில் யூட்யூபில் 'கொலவெறி' வந்தபோது தமிழ் செத்துவிட்டது என்று ஒரே ஒப்பாரி. தமிழ் நல்லாத்தான் இருக்கு சாமி. செத்துக்கொண்டிருப்பது பல்லவிக்கு முன்னாடி வரும் இசை.

ஸ்பாட்டிஃபையில் 30 செகண்ட் ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் நாம் அடுத்த பாட்டுக்குத் தாவிட்டா அவங்களுக்குக் காசு இல்லை. அப்புறம் எவன் ஒரு நிமிஷம் வயலினை இழைய விடுவான்? எடுத்த எடுப்பில் பல்லவி, ரீல்ஸுக்குத் தோதா நாலு வரி, முடிஞ்சது கதை.

பொட்டி தட்டுற எனக்குத் தெரியாதா? எதை அளக்கிறார்களோ அதைத்தான் செஞ்சு கொடுப்பாங்க. 'ரசனை மாறிப்போச்சு'ன்னு பழியை ரசிகன் தலையில் கட்டாதீங்க. ராஜாவின் இடையிசையை வாயாலேயே வாசிச்சுக் காட்டுற ஜனங்கய்யா நாம! இப்போ வர்ற பாட்டில் எதை வாசிச்சுக் காட்டுறது, நீங்களே சொல்லுங்க மக்கா.