வரி பூஜ்யம், அலைச்சல் முழுசு

போன ஜூலை மாசம் என் மாமா பெங்களூர்ல ஒரு பழைய எலக்ட்ரிக் கார் வாங்கினார். மூணு வருஷம் ஓடின வண்டி. ஓனர் ஐடி கம்பெனியில வேலை பார்க்கிறவர், ஆகஸ்ட்ல வெளிநாடு கிளம்புறார், அதனால விக்கிறார். புதுசா வாங்கினப்போ 15 லட்சத்துக்குப் பக்கம். எங்களுக்குச் சொன்ன விலை 8.5 லட்சம்.

மாமாவுக்கு சேந்தமங்கலத்துக்கு வெளியே கோழிப்பண்ணை இருக்கு. தீவனம், மருந்து, பேங்க்னு நாமக்கல்லுக்கும் பண்ணைக்கும் நடுவுல தினமும் 60, 70 கிலோமீட்டர் ஓட்டம். ராத்திரி வீட்ல சார்ஜ் போட்டா காலையில ரெடி. இந்த ஓட்டத்துக்கு ஈவியை விடப் பொருத்தமான வண்டி கிடையாது. ஆனா புது ஈவி வாங்க அவர்கிட்ட காசு இல்ல. "மாப்ள, நீ கரண்டு படிப்புதான படிக்கிற, நீ வந்து பார்த்துச் சொல்லு"ன்னு என்னையும் கூட்டிட்டுப் போனார். நாலு வருஷ ஈஇஇ படிப்புக்கு வீட்ல கிடைச்ச முதல் மரியாதை அதுதான்.

வண்டியை ஓட்டிட்டு வந்தது சுகமான அனுபவம். தொப்பூர் கணவாய்ல இறங்கும்போது பேட்டரி சதவீதம் குறையறதுக்குப் பதிலா ஏறிச்சு. மாமா டிஸ்ப்ளேயையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்னு நான் விளக்கம் சொன்னேன். "இறக்கத்துல காசு திரும்ப வருதுன்னு சொல்லு"ன்னு அவர் முடிச்சிட்டார். என் விளக்கத்தை விட அது நல்லா இருந்துச்சு.

ஓசூர் பார்டரை வண்டி தாண்ட ரெண்டு நிமிஷம் ஆச்சு. அதே பார்டரைப் பேப்பர்ல தாண்ட மூணரை மாசம் ஆச்சு. கேஏ நம்பர் டிஎன் நம்பரா மாறினது அக்டோபர் கடைசியில. இந்தக் கட்டுரை அந்த மூணரை மாசத்தைப் பத்தினது.

முதல்ல நடைமுறையைச் சொல்லிடறேன், நாளைக்கு உங்களுக்கே தேவைப்படலாம். 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி, வேற மாநில வண்டியை 12 மாசத்துக்கு மேல இங்க வெச்சிருந்தா புது நம்பர் வாங்கணும். அதுக்குப் பழைய மாநிலத்து ஆர்டிஓ கிட்ட இருந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு சான்று வேணும், எல்லாரும் என்ஓசின்னு சொல்றது அதைத்தான். அதுக்கு ஃபார்ம் 28. இங்க வந்து புது நம்பர் கேக்க ஃபார்ம் 27. ஓனர் பேர் மாத்த ஃபார்ம் 29, ஃபார்ம் 30. வண்டி மேல லோன் இருந்தா அதை ஆர்சியில இருந்து எடுக்க ஃபார்ம் 35. இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள நம்ம பேருக்கு மாத்தக் கேக்கணும்.

எங்க கேஸ்ல சிக்கல் ஃபார்ம் 35ல ஆரம்பிச்சுது. ஓனர் கார் லோனை எப்பவோ கட்டி முடிச்சிட்டார், ஆனா ஆர்சியில பேங்க் பேரு அப்படியே இருந்துச்சு. அதை எடுத்தாத்தான் என்ஓசி. பேங்க் லெட்டர் வர மூணு வாரம். அதுக்குள்ள அவர் கிளம்புற தேதி வந்திருச்சு. ஆன்லைன்ல ஒவ்வொரு படிக்கும் ஓடிபி அவர் நம்பருக்குத்தான் போகும். சிம் கார்டை அவங்க அப்பாகிட்ட குடுத்துட்டுப் போங்கன்னு மாமா கெஞ்சாத குறையாக் கேட்டார். அந்தப் பெரியவர் நல்ல மனுஷன், போன் எடுத்தார். எடுக்காம விட்டிருந்தா 8.5 லட்சம் குடுத்த வண்டி வேற ஒருத்தர் பேர்லயே பண்ணையில நின்னிருக்கும்.

அப்புறம் என்ஓசி. அங்க ஒரு ஆபீஸ்ல மூணு தடவை ஏறி இறங்கினோம். சேஸிஸ் நம்பரைப் பென்சில்ல தேய்ச்சு எடுத்த பேப்பர் சரியா விழலைன்னு ஒரு தடவை திருப்பி அனுப்பினாங்க. இன்னொரு தடவை பொல்யூஷன் சர்டிபிகேட் கேட்டாங்க. புகைக்குழாயே இல்லாத வண்டிக்கு! செக்லிஸ்ட்ல இருக்கு, அதனால கேக்கறோம்னு பதில். சட்டத்துல ஒண்ணு இருக்கு: மனு குடுத்து 30 நாளுக்குள்ள ஏத்துக்கிட்டோம்னோ மறுத்துட்டோம்னோ எழுத்துல சொல்லலைன்னா, என்ஓசி குடுத்ததாவே அர்த்தம். இதைப் போன்ல காட்டினேன். கவுண்டர்ல இருந்தவர் சிரிச்சார். கோபமாக்கூட இல்ல, நான் ஏதோ ஜோக் சொன்ன மாதிரி.

இப்போ வரிக்கு வருவோம், ஏன்னா என் கேள்வி அங்கதான் ஆரம்பிக்குது.

பெட்ரோல் கார் ஒண்ணு மாநிலம் மாறும்போது இவ்வளவு பேப்பர் ஏன்னு எனக்குப் புரியுது. ரோடு டேக்ஸ் மாநிலத்தோட வருமானம். தமிழ்நாட்டுல 10 லட்சத்துல இருந்து 20 லட்சம் வரைக்குமான புதுக் காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 15 லட்சம் வண்டின்னா 2.7 லட்சம். பழைய வண்டிக்கு வயசுக்கேத்த மாதிரி குறையும், ஆனாலும் கட்டணும். கட்டிட்டு, அந்த மாநிலத்துல முன்னாடியே கட்டின வரியில மிச்சத்தைத் திருப்பித் தாங்கன்னு அங்க போய் நிக்கணும். ரெண்டு அரசாங்கம், ரெண்டு கல்லாப்பெட்டி. கணக்குப் பார்க்கத்தான் செய்வாங்க.

ஆனா எங்க வண்டிக்கு? கர்நாடகாவுல 2016ல இருந்தே ஈவிக்கு ரோடு டேக்ஸ் விலக்கு இருந்துச்சு. 2024ல 25 லட்சத்துக்கு மேல இருக்கிற ஈவிக்கு மட்டும் 10 சதவீதம் போட்டாங்க. எங்க வண்டி அந்த லிஸ்ட்லயே இல்ல. தமிழ்நாட்டுல பேட்டரி வண்டிகளுக்கு அப்போ 2025 டிசம்பர் 31 வரைக்கும் 100 சதவீத விலக்கு அறிவிச்சிருந்தாங்க. ஆர்சிக்கும் புது நம்பருக்கும் ஈவிகள்கிட்ட கட்டணம் வாங்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2021 ஆகஸ்ட்லயே சொல்லியாச்சு. அதாவது அங்க வரி பூஜ்யம், இங்க வரி பூஜ்யம், நம்பர் கட்டணமும் பூஜ்யம். திருப்பித் தர வேண்டிய பாக்கியும் கிடையாது.

கல்லாவே காலியா இருக்கும்போது காவலுக்கு இவ்வளவு பேப்பர் எதுக்கு?

மாமா டைரியில கணக்கு எழுதுவார். இந்த வண்டிக்கு அவர் எழுதினது: ரோடு டேக்ஸ் 0. பஸ், சாப்பாடு, தங்கினது, ஏஜென்ட், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்க்கு மேல. கூடவே டிசம்பர் 31 வந்துருமேங்கற பயம். என்ஓசி தாமதமான ஒவ்வொரு வாரமும் அவர் காலண்டரைப் பார்த்தார். சலுகை குடுக்கிறது ஒரு ஆர்டர்ல நடந்துருது, அது கைக்கு வந்து சேரத்தான் மாசக்கணக்கு ஆகுது.

இதுக்கு எதிர்வாதமும் இருக்கு, ஹாஸ்டல்ல என் ரூம்மேட்டே சொன்னான்: "என்ஓசி வரிக்கு மட்டும் இல்லடா. திருட்டு வண்டியா, கேஸ் இருக்கா, லோன் பாக்கி இருக்கா, எல்லாம் பார்க்கணும்ல?" நியாயமான கேள்வி. பார்க்கத்தான் வேணும். ஆனா லோன் விவரமும் இன்சூரன்ஸ் விவரமும் ஃபைன் பாக்கியும் வாகன் தளத்துல ஏற்கெனவே இருக்கு. பெங்களூர்ல இருக்கிற ஆபீசரும் நாமக்கல்ல இருக்கிற ஆபீசரும் பார்க்கிறது ஒரே திரையைத்தான். ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கிற தகவலைப் பேப்பர்ல எடுத்து, பஸ்ல 250 கிலோமீட்டர் கொண்டு வந்து, அதே தகவல் இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டர்ல டைப் பண்ற வேலையை மாமா செஞ்சார்.

வழி இருக்கிறது அவங்களுக்கும் தெரியும். 2021 செப்டம்பர்ல வந்த பிஎச் சீரிஸ் நம்பர் எடுத்தா எந்த மாநிலத்துக்குப் போனாலும் நம்பர் மாத்த வேண்டாம், வரியை ரெண்டு ரெண்டு வருஷமாக் கட்டிக்கலாம். ஆனா அது யாருக்கு? அரசு ஊழியர், ராணுவத்துல இருக்கிறவங்க, நாலு மாநிலத்துலயோ அதுக்கு மேலயோ ஆபீஸ் வெச்சிருக்கிற கம்பெனியில வேலை செய்றவங்களுக்கு. கோழிப்பண்ணைக்காரருக்கு இல்ல.

ஜிஎஸ்டி பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா இதுல வாட்ஸ்அப் வதந்தி ரொம்ப. 2024 டிசம்பர்ல ஜெய்சல்மேர்ல நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துல பழைய ஈவிக்கு 12 சதவீதமா இருந்ததை 18 ஆக்கினாங்க. புது ஈவிக்கு 5 சதவீதம்தான். ஆனா அந்த 18 முழு விலைக்கு இல்ல, பதிவு பண்ண டீலரோட லாபத்துக்கு மட்டும். 7.5 லட்சத்துக்கு வாங்கி 9 லட்சத்துக்கு வித்தா, 1.5 லட்சத்துக்கு 27,000 ரூபாய். நாங்க நேரா ஓனர்கிட்ட வாங்கினதால ஜிஎஸ்டியே கிடையாது. ரூபாய்க் கணக்குல பெரிய கொடுமை இல்லைன்னு ஒத்துக்கிறேன். ஆனா டீலர் மார்ஜின்ல என்னென்ன இருக்கு? பேட்டரியை டெஸ்ட் பண்ற செலவு, வாரன்டி குடுக்கிற ரிஸ்க். பழைய ஈவி வாங்குறவனுக்கு நம்பிக்கை தர்ற அந்த வேலை மேலதான் வரி ஏறியிருக்கு.

இப்போ எனக்கு உண்மையிலேயே வலிச்ச விஷயம். இத்தனை ஃபார்ம்ல, இத்தனை கையெழுத்துல, ஒரு இடத்துலகூட யாரும் பேட்டரியைப் பத்திக் கேக்கல.

ஈவியோட விலையில பெரிய பங்கு பேட்டரி. மூணு வருஷம் ஓடின வண்டியில அது புதுசுல எத்தனை சதவீதம் மிச்சம் இருக்குங்கறதுதான் 8.5 லட்சம் சரியான விலையா இல்லையான்னு முடிவு பண்ணும். ஆர்சியில இன்ஜின் நம்பர் இருந்த கட்டத்துல மோட்டார் நம்பர் போட்டிருக்காங்க, அதோட சரி. சேஸிஸைப் பென்சில்ல தேய்ச்சுப் பார்க்கிறோம். பேட்டரியை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கல. பேட்டரி வாரன்டி ரெண்டாவது ஓனருக்கு வருமாங்கறதுகூட கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எழுத்துல கேட்டு வாங்குறது நம்ம சாமர்த்தியம்.

நாங்க என்ன பண்ணினோம்? சார்ஜர் லைன்ல ஒரு சப்-மீட்டர் போட்டோம். பேட்டரி 30 கிலோவாட் மணி. 10 சதவீதத்துல இருந்து 100 வரைக்கும் ஏத்தினா, புது பேட்டரியில 27 யூனிட் உள்ள போகணும். மீட்டர்ல 27.5 காட்டுச்சு. சார்ஜிங் இழப்பு 12 சதவீதம்னு வெச்சா உள்ள போனது 24.2. அப்போ ஆரோக்கியம் சுமார் 90 சதவீதம். இது தோராயமான கணக்கு, வெயில், டிஸ்ப்ளே சதவீதத்தோட துல்லியம் எல்லாம் பிழையைக் கொண்டு வரும். ஆனா ஒண்ணுமே தெரியாம இருக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். நான் இதை வண்டி வாங்கினப்புறம் செஞ்சேன், வாங்குறதுக்கு முன்னாடி செஞ்சிருக்கணும். அது என் தப்பு.

மத்த நாடுகள் இதைப் பார்க்க ஆரம்பிச்சாச்சு. ஐரோப்பிய யூனியன்ல 2027 பிப்ரவரி 18ல இருந்து ஒவ்வொரு ஈவி பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம். இலங்கையில 2020ல நிறுத்தின தனியார் வாகன இறக்குமதியை 2025 பிப்ரவரி 1ல திரும்பத் திறந்தாங்க. அங்க எலக்ட்ரிக் காருக்கு வரி, மோட்டார் எத்தனை கிலோவாட், வண்டிக்கு என்ன வயசுன்னு பார்த்துப் போடுறாங்க. வரி அதிகம், அது வேற கதை. கிலோவாட் எவ்வளவுங்கறதுலயே 2025ல சுங்கத்துறையோட தகராறு வந்துச்சு. ஆனாலும் கேக்கிற கேள்வியாவது எலக்ட்ரிக் வண்டிக்கான கேள்வி. வெளிநாட்டுல இருந்து இங்க கொண்டு வர்ற பழைய காருக்கு நம்ம விதி என்ன கேக்குது? மூணு வருஷத்துக்கு உள்ள இருக்கணும், ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும், மும்பை துறைமுகம் வழியாத்தான் வரணும். ஹெட்லைட் எந்தப் பக்கம் சாயணும்னுகூட இருக்கு.

நான் கேக்கிறது பெருசு இல்ல. ரெண்டு மாநிலத்துலயும் வரி இல்லாத ஈவிக்கு என்ஓசியை வாகன் தளத்துலயே ஆபீசுக்கு ஆபீஸ் அனுப்பிக்கட்டும், 30 நாள்னு சட்டத்துல இருக்கிறதைக் கம்ப்யூட்டர் தானா அமல்படுத்தட்டும். ஃபார்ம் 29ல ஒரே ஒரு கட்டம் கூடுதலாப் போட்டு, பேட்டரி ஆரோக்கியம் இவ்வளவுன்னு விக்கிறவர் கையெழுத்துப் போடட்டும்.

ஏன்னா புது ஈவி வாங்குறவங்க பெரும்பாலும் பெங்களூர், சென்னையில இருக்காங்க. அவங்க அஞ்சு வருஷம் ஓட்டிட்டு விக்கிற வண்டிதான் சேந்தமங்கலத்துக்கு வரும். நம்ம ஊருக்கு ஈவி வர்றது ரெண்டாவது ஓனர் வழியாத்தான். அந்த வழியில முள்ளைப் போட்டுட்டு, பசுமைப் போக்குவரத்துன்னு போஸ்டர் அடிச்சுப் பிரயோஜனம் இல்ல.

ஃபார்ம் மாறுறது நம்ம கையில இல்ல. மீட்டர் நம்ம கையில இருக்கு. எங்க டிபார்ட்மென்ட் லேப்ல சார்ஜிங் பாயின்டும் நல்ல எனர்ஜி மீட்டரும் சும்மாத்தான் கிடக்கு. பழைய ஈவி வாங்கப் போற யாரா இருந்தாலும் சனிக்கிழமை கொண்டு வந்தா இலவசமா டெஸ்ட் பண்ணி, ஒரு பக்க ரிப்போர்ட் குடுக்கலாமான்னு எங்க எச்ஓடிகிட்ட கேட்டிருக்கோம். "லெட்டர் எழுதிக் குடுங்க, பார்க்கலாம்"னு சொன்னார். எழுதிட்டோம். மூணாவது வருஷப் பசங்க யாராவது கூட சேர்ந்தா, நாங்க போனப்புறமும் நடக்கும்.

முதல் வண்டி மாமாவோடது. டிஎன் நம்பரோட, தோராயமா 90 சதவீதத்தோட.